மேட்டில் மிதிவண்டியை விட்டு இறங்குவது இழுக்கா?

திருநகரும் அதைச் சுற்றியுள்ள ஊர்களும் பெரும்பாலும் சமவெளியில் அமைந்தவை. மிதிவண்டிக்கு ஏற்ற நிலம் இது. பால் ஊற்றுபவர், செய்தித்தாள் போடுபவர், வாழை இலைக் கட்டு கொண்டு செல்பவர், பள்ளி மாணவர், ஓய்வுபெற்ற ஆசிரியர் எனப் பலரும் இன்றும் மிதிவண்டியையே நம்பியிருக்கின்றனர். ஆனால் திருப்பரங்குன்றம் ரயில் பாதை மேம்பாலம் போன்ற ஓர் ஏற்றம் குறுக்கிட்டால், அங்கு இருவகையான மனிதர்களைக் காணலாம். சிலர் இயல்பாக இறங்கி வண்டியை உருட்டிச் செல்கின்றனர். வேறு சிலரோ பற்களைக் கடித்து, மூச்சை அடக்கி, எழுந்து நின்று மிதித்து, எப்படியாவது உச்சியை அடைந்துவிடுகின்றனர். பின்னால் வருபவர் என்ன நினைப்பாரோ என்னும் கூச்சமே இரண்டாம் வகையினரைப் பெரும்பாலும் உந்துகிறது.

இந்தக் கூச்சம் மருத்துவத்தோடும் தொடர்புடையது. இதய நோய், நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், ஆஸ்துமா, மூட்டுத் தேய்மானம் ஆகியவற்றுக்காக எங்களிடம் வருபவர்களுள் மிதிவண்டி ஓட்டுபவர் பலர். அவர்களும் அவர்களைப் பராமரிக்கும் குடும்பத்தினரும் அறிந்துகொள்ள வேண்டிய சில செய்திகளை இங்கே விளக்குகிறோம்.

ஏற்றத்தில் உடலுக்கு என்ன நேர்கிறது?

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். 65 கிலோ எடையுள்ள ஒருவர் 20 கிலோ எடையுள்ள சாதாரண மிதிவண்டியில் செல்கிறார் எனக் கொள்வோம். சமதளத்தில் மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் செல்ல அவருடைய கால்கள் தர வேண்டிய ஆற்றல் ஏறக்குறைய 40 வாட் மட்டுமே. அதே மனிதர், நூறு மீட்டர் தூரத்துக்கு 6 மீட்டர் உயரும் ஏற்றத்தில் மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் மிதித்தால், தேவைப்படும் ஆற்றல் 120 முதல் 130 வாட் வரை உயர்கிறது. வேகம் குறைந்திருக்கிறது, உழைப்போ மும்மடங்காகியிருக்கிறது. ஓய்வாக அமர்ந்திருக்கும்போது உடல் செலவிடும் ஆக்ஸிஜனைப் போல் ஏறக்குறைய எட்டு மடங்கை அப்போது அது கேட்கிறது.

இன்னும் மெதுவாக மிதிக்கக் கூடாதா என்று கேட்கலாம். மிதிவண்டி அதற்கு இடம் தராது. ஓரளவு வேகம் இருந்தால்தான் வண்டி சாயாமல் நிற்கும். அந்த வேகத்துக்குக் கீழே சென்றால் கைப்பிடி தள்ளாடும், விழ நேரிடும். ஆகவே ஏற்றத்தில் மிதிப்பவருக்கு உழைப்பைக் குறைத்துக்கொள்ள ஓர் எல்லைக்குமேல் வழியில்லை. நடப்பவருக்கு அந்த எல்லை இல்லை. மணிக்கு மூன்று கிலோமீட்டர் வேகத்தில் நடக்கலாம், இரண்டில் நடக்கலாம், வேண்டிய இடத்தில் நிற்கலாம். அதே ஏற்றத்தில் மணிக்கு மூன்று கிலோமீட்டர் வேகத்தில் வண்டியை உருட்டிச் செல்பவரின் ஆக்ஸிஜன் தேவை, மிதிப்பவரின் தேவையில் ஏறக்குறைய பாதிதான். இறங்கி நடப்பதன் மருத்துவப் பயன் இதுவே: இதயத்தின் மீது விழும் சுமையின் அளவைத் தீர்மானிக்கும் உரிமை மீண்டும் நம் கைக்கு வருகிறது.

கியர் இல்லாத வண்டியில் மற்றொரு சிக்கலும் உண்டு. ஒரு முழுச் சுற்று மிதித்தால் அது ஐந்து மீட்டருக்கும் சற்று அதிகமான தூரம் செல்கிறது. ஏற்றத்தில் மணிக்கு 8 கிலோமீட்டர் வேகம் என்றால், நிமிடத்துக்கு ஏறத்தாழ 25 சுற்றுகள் மட்டுமே. ஒவ்வொரு மிதிப்பும் மெதுவாகவும் மிகுந்த விசையுடனும் விழுகிறது. முழங்கால் சில்லுக்குப் பின்னால் உள்ள குருத்தெலும்பு இந்த அழுத்தத்தைத் தாங்குகிறது. மூட்டுத் தேய்மானம் உள்ளவர்கள் சமதளத்தில் வலியின்றி ஓட்டிவிட்டு, மேட்டில் மட்டும் வலிப்பதாகக் கூறுவதன் காரணம் இதுவே.

இவற்றோடு, ஏற்றத்தில் நம்மை அறியாமலே கைப்பிடியை இறுகப் பற்றி மூச்சை அடக்குகிறோம். மூச்சை அடக்கி முக்கும்போது இரத்த அழுத்தம் சட்டென உயர்கிறது. மூச்சை விட்டவுடன் சட்டெனத் தாழ்கிறது. கட்டுப்பாட்டில் இல்லாத இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு இந்த ஏற்ற இறக்கம் நல்லதன்று.

மருத்துவரின் கருவியும் ஒரு மேடுதான்

இதய நோயின் வரலாற்றில் மேட்டுக்குத் தனி இடம் உண்டு. இதயத்துக்கு இரத்தம் போதாமையால் வரும் நெஞ்சுவலியை முதலில் தெளிவாக விவரித்தவர் இங்கிலாந்தின் மருத்துவர் வில்லியம் ஹெபர்டன். 1768-ஆம் ஆண்டு அவர் வாசித்தளித்து, 1772-இல் அச்சான கட்டுரையில், இவ்வலி நடக்கும்போது வருவதையும், அதிலும் மேட்டில் ஏறும்போதும் உணவு உண்டவுடனும் மிகுதியாக வருவதையும், நின்றவுடன் மறைந்துவிடுவதையும் குறித்துள்ளார். அன்று இ.சி.ஜி. கருவி கிடையாது. நோயாளி எந்த மேட்டில் நின்றார் என்பதே மருத்துவருக்குக் கிடைத்த சான்று.

இன்று நாங்கள் செய்யும் டிரெட்மில் சோதனையும் மேட்டில் நடக்க வைப்பதே. அமெரிக்க மருத்துவர் ராபர்ட் புரூஸ் வகுத்த முறையில், மூன்று நிமிடங்களுக்கு ஒருமுறை பட்டையின் வேகமும் சரிவும் கூட்டப்படுகின்றன. முதற்கட்டத்தில் வேகம் மணிக்கு 2.7 கிலோமீட்டர், சரிவு 10 விழுக்காடு. இரண்டாம் கட்டத்தில் 4 கிலோமீட்டர், 12 விழுக்காடு. மூன்றாம் கட்டத்தில் 5.4 கிலோமீட்டர், 14 விழுக்காடு. மேலே கணக்கிட்ட மிதிவண்டி ஏற்றம், உழைப்பின் அளவில் இரண்டாம் கட்டத்துக்கும் மூன்றாம் கட்டத்துக்கும் இடைப்பட்டது. இச்சோதனையை மருத்துவர், இ.சி.ஜி. திரை, அவசர மருந்துகள் ஆகியவை அருகில் இருக்கும் அறையிலேயே நடத்துகிறோம். நெஞ்சுவலியோ மிகுந்த மூச்சிரைப்போ தோன்றினால் உடனே நிறுத்திவிடுகிறோம். அங்கே நிறுத்தியதை எவரும் தோல்வி என்று கூறுவதில்லை. எந்த இடத்தில் நிறுத்த நேர்ந்தது என்பதே சோதனையின் பயனுள்ள முடிவு. ஆனால் இதற்கு நிகரான உழைப்பை, எவரும் கண்காணிக்காத நண்பகல் வெயிலில், கூச்சத்தின் பொருட்டு ஒருவர் தாமே செய்துபார்க்கிறார் என்பதை எண்ணிப் பாருங்கள்.

வீரர்களும் இறங்கி நடந்திருக்கின்றனர்

"உண்மையான சைக்கிள்காரன் இறங்க மாட்டான்" என்று எண்ணும் இளைஞர்கள் ஒரு வரலாற்றை அறிய வேண்டும். பிரான்ஸ் நாட்டின் புகழ்பெற்ற 'டூர் டி பிரான்ஸ்' பந்தயம் 1910-ஆம் ஆண்டு முதன்முறையாகப் பிரனீஸ் மலைத்தொடரின் உயரமான கணவாய்களைக் கடந்தது. 2,115 மீட்டர் உயரமுள்ள துர்மலே கணவாயை முதலில் கடந்த ஆக்டாவ் லாபிஸ், வழியில் சில இடங்களில் இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தவர். இறங்காமலே அதனை ஏறி முடித்த குஸ்தாவ் கரிகு என்னும் மற்றொரு வீரருக்கு நூறு பிராங்க் சிறப்புப் பரிசு கிடைத்தது. ஆனால் அன்றைய ஓட்டத்திலும் அவ்வாண்டின் முழுப் பந்தயத்திலும் வென்றவர், இறங்கி நடந்த லாபிஸ்தான். ஓடும்போதே கியர் மாற்றும் கருவி அப்பந்தயத்தில் 1937-இல்தான் அனுமதிக்கப்பட்டது. நம் வீடுகளில் நிற்கும் சாதாரண மிதிவண்டிக்கும் அத்தகைய கியர் கிடையாது என்பதை நினைவிற்கொள்க.

இன்றும் பெல்ஜியத்தின் கோப்பன்பெர்க் மேட்டில், கல் பாவிய வழி 22 விழுக்காடு வரை செங்குத்தாகும் இடத்தில், முன்னே செல்பவர் வழுக்கி நின்றுவிட்டால் பின்னால் வரும் தொழில்முறை வீரர்கள் இறங்கி வண்டியோடு ஓடுகின்றனர். அவர்களுடைய இதயமும் நுரையீரலும் நம்முடையவற்றைவிடப் பன்மடங்கு பயிற்சி பெற்றவை.

கூச்சம் எங்கிருந்து வருகிறது?

கூச்சம் பார்வையாளரின் கண்ணிலிருந்து வருகிறது, உடலிலிருந்து அன்று. இதற்கு நம் தமிழகத்திலேயே சான்று உண்டு. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு மிதிவண்டியையும் பெண்களிடம் கொண்டு சென்றது. மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணை நின்றார். அதுவரை பெண் மிதிவண்டியில் ஏறுவதே வெட்கம் என்று கருதிய ஊர்களில், குவாரித் தொழிலாளர்களும் விவசாயக் கூலிகளும் செவிலியர்களும் ஆயிரக்கணக்கில் ஓட்டக் கற்றனர். சில ஆண்டுகளில் அந்த வெட்கம் இருந்த இடம் தெரியவில்லை. அன்று ஏறுவதற்கு இருந்த வெட்கம் எவ்வளவு பொருளற்றதோ, இன்று இறங்குவதற்கு இருக்கும் வெட்கமும் அவ்வளவு பொருளற்றதே.

நம் முன்னோர் ஓய்வை வழியோடு சேர்த்தே அமைத்தனர். பழைய பெருவழிகளில் இன்றும் சுமைதாங்கிக் கற்களைக் காணலாம். நட்டு வைத்த இரு கற்கள், அவற்றின் மேல் கிடத்திய ஒரு கல். தலைச்சுமையோடு வருபவர் எவருடைய உதவியும் இன்றிச் சுமையை அதன்மேல் இறக்கி, மூச்சு வாங்கி, மீண்டும் தூக்கிச் செல்லலாம். கருவுற்ற நிலையில் இறந்த பெண்களின் நினைவாக அவர்களுடைய குடும்பத்தார் இவற்றை நிறுவினர். சுமை இறக்குதலை இழுக்கு என்று அவர்கள் கருதவில்லை. அதற்கு உதவுவதை அறம் என்று கருதினர். பௌர்ணமியன்று திருப்பரங்குன்றத்தில் கிரிவலம் வருபவரையும், பழனிக்குப் பாதயாத்திரை செல்பவரையும் "ஏன் நடக்கிறாய்" என்று எவரும் ஏளனம் செய்வதில்லை. ஒரு மிதிவண்டி உடன் வந்துவிட்டால் மட்டும் நடை எவ்வாறு இழிவாகும்?

இறங்கும் இடத்தைக் கவனியுங்கள்

இனிக் கூறுவது இக்கட்டுரையின் முதன்மையான செய்தி. நீங்கள் நாள்தோறும் செல்லும் வழியில் ஒரு மேடு இருந்தால், எந்த இடத்தில் மூச்சு வாங்கத் தொடங்குகிறது, எந்த இடத்தில் இறங்க வேண்டியிருக்கிறது என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள். அது பல மாதங்களாக ஒரே இடமாக இருப்பின் பெரும்பாலும் அச்சமில்லை. சென்ற மாதம் மேட்டின் உச்சிவரை சென்றவர் இம்மாதம் பாதியிலேயே இறங்குகிறார், அடுத்த வாரம் அடிவாரத்திலேயே இறங்குகிறார் எனில், அது உடல் தரும் எச்சரிக்கை. இதயத் தமனி அடைப்பு, இதயத் தளர்ச்சி, இரத்தசோகை, நுரையீரல் நோய், தைராய்டு குறைபாடு ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று பின்னணியில் இருக்கலாம்.

கூச்சம் தரும் பெருந்தீங்கு இங்கேதான் உள்ளது. கூச்சப்படுபவர் பல்லைக் கடித்து மேட்டை ஏறிவிடுகிறார். அல்லது அந்த வழியையே விட்டு வேறு வழியில் செல்கிறார். அல்லது வண்டி பழுது என்று வீட்டில் கூறி ஓட்டுவதையே நிறுத்திவிடுகிறார். மூன்று வகையிலும் அறிகுறி மறைந்துவிடுகிறது. எங்களிடம் வரும்போது "நெஞ்சுவலி உண்டா?" என்று கேட்டால் "இல்லை" என்றே விடை வருகிறது. வலி வரும் வேலையை அவர் விட்டுவிட்டதால் வலி இல்லை. ஆகவே மேட்டில் இறங்குவதை மறைக்காமல் கூறும் நோயாளி, மருத்துவருக்குப் பேருதவி செய்கிறார்.

பள்ளிப் பிள்ளைகளையும் இவ்வாறே கவனிக்க வேண்டும். அரசு வழங்கும் விலையில்லா மிதிவண்டியில் தோழிகளோடு செல்லும் மாணவி, மற்றவர் எளிதாக ஏறும் மேட்டில் தான் மட்டும் இறங்கி நிற்கிறாள் எனில், அவளைச் சோம்பேறி என்று கடிந்துகொள்ளாதீர்கள். வளரிளம் பெண்களிடம் இரத்தசோகை மிகுதி. ஹீமோகுளோபின் அளவைச் சோதியுங்கள். பள்ளியில் வாரந்தோறும் தரும் இரும்புச்சத்து மாத்திரையை உட்கொள்கிறாளா என்றும் கேளுங்கள்.

யார் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும்?

இதய நோயாளிகள்: ஸ்டென்ட் வைத்தவர்களும் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் மருத்துவரின் ஒப்புதல் பெற்ற பின்னரே மிதிவண்டியைத் தொட வேண்டும். பைபாஸ் அறுவைக்குப் பின் நெஞ்செலும்பு கூடுவதற்குப் பொதுவாக 8 முதல் 12 வாரங்கள் ஆகும். அக்காலத்தில் மிதிப்பது மட்டுமன்றி, வண்டியை மேட்டில் தள்ளுவதும் கூடாது. தள்ளும் விசை கைகளின் வழியாக நெஞ்செலும்பையே சேர்கிறது.

மெட்டோபுரோலால், பிசோபுரோலால், அடினோலால் போன்ற மாத்திரை உட்கொள்பவர்கள்: இவை நாடித்துடிப்பைக் கட்டுப்படுத்துகின்றன. எனவே கைக்கடிகாரம் காட்டும் துடிப்பு எண்ணை நம்பி உழைப்பை அளக்காதீர்கள். பேச்சையே அளவுகோலாகக் கொள்ளுங்கள். ஒரு முழு வாக்கியத்தை இடையில் மூச்சு வாங்காமல் பேச முடிந்தால் உழைப்பு அளவோடு இருக்கிறது. இரண்டு மூன்று சொற்களுக்கு ஒருமுறை நிறுத்த வேண்டியிருந்தால், இறங்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

நீரிழிவு உள்ளவர்கள்: நெடுநாள் நீரிழிவில் நெஞ்சுவலி இல்லாமலே மாரடைப்பு வரக்கூடும். காரணமற்ற வியர்வை, மூச்சிரைப்பு, மிகுந்த சோர்வு ஆகியவற்றையும் அறிகுறியாகக் கருதுங்கள். இன்சுலினோ சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரையோ எடுப்பவர்கள் மூன்று தேக்கரண்டி சர்க்கரை அல்லது குளுக்கோஸ் பொட்டலத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். இறங்கி நடக்க வேண்டி வரும் என்பதால், ரப்பர் செருப்பைத் தவிர்த்து, விரல்களை மூடிய காலணியை அணியுங்கள். கால் மரத்துப்போனவர்களுக்குச் சூடான தாரும் சிறு கல்லும் புண்ணை உண்டாக்கிவிடும்.

ஆஸ்துமா உள்ளவர்கள்: உள்ளிழுக்கும் மருந்தை எப்போதும் உடன் வைத்திருங்கள். புகையும் தூசியும் மிகுந்த மேம்பாலத்தில் அவசரம் வேண்டாம்.

முறையாக இறங்குவது எப்படி?

களைத்த பின் இறங்குவதைவிடக் களைக்கும் முன் இறங்குவதே நன்று. வேகம் முற்றிலும் இற்றுப்போய், வண்டி தள்ளாடும் நிலையில் இறங்கும்போதே பலர் விழுகின்றனர். ஏற்றம் தொடங்கும் இடத்திலேயே பின்னால் பார்த்து, இடப்பக்கம் ஒதுங்கி இறங்குங்கள். வண்டிக்கு இடப்புறம் நின்று உருட்டினால், வண்டி உங்களுக்கும் பிற வாகனங்களுக்கும் நடுவே இருக்கும். சங்கிலி வலப்புறம் இருப்பதால் வேட்டியோ சேலையோ சிக்காது. கேரியரில் அமர்ந்து வருபவரும் இறங்கி நடக்கட்டும். உச்சியை அடைந்ததும் உடனே ஏறி அமராமல், பேச்சு இயல்பாகும் வரை மெல்ல நடந்துவிட்டு, பிரேக்கைச் சரிபார்த்துப் பின் இறக்கத்தில் செல்லுங்கள். உணவு உண்டவுடனும், கோடையின் நண்பகலிலும் மேடான வழியைத் தவிர்ப்பது நலம்.

மேட்டில் மிதிக்கவே கூடாது என்பது எங்கள் கருத்தன்று. உடல் தகுதியும் மருத்துவரின் ஒப்புதலும் உள்ளவர்கள் சிறு ஏற்றங்களில் படிப்படியாகப் பயிற்சி பெறலாம். அது இதயத்துக்கு வலிமை சேர்க்கும். உலக நலவாழ்வு நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, வயது வந்தோருக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் வரை மிதமான உடலுழைப்பு தேவை. வண்டியை உருட்டிக்கொண்டு மேட்டில் நடந்த நிமிடங்களும் அக்கணக்கில் சேரும். இறங்கியதால் உடற்பயிற்சி வீணாகிவிட்டது என்று எண்ண வேண்டியதில்லை.

குடும்பத்தினருக்கு

"உனக்கு வயதாகிவிட்டது, இனி சைக்கிள் வேண்டாம்" என்று வண்டியைப் பூட்டி வைக்காதீர்கள். "போன வாரம் ஏறினாயே, இப்போது என்ன?" என்று கேலியாகவும் கேட்காதீர்கள். அதே கேள்வியை அக்கறையோடு கேளுங்கள். விடையைக் குறித்துவைத்து எங்களிடம் கூறுங்கள்.

மேட்டில் நெஞ்சில் அழுத்தம், இடக்கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மயக்கம் ஆகியவை தோன்றினால் உடனே நின்று அமர வேண்டும். நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரையை மருத்துவர் முன்னரே தந்திருந்தால் அமர்ந்தபடி ஒன்றை வைத்துக்கொள்ளலாம். ஐந்து நிமிடங்களில் முழுமையாகத் தணியாவிட்டால் 108-ஐ அழையுங்கள். இதுவரை இத்தகைய வலி வந்திராதவர் அவ்வளவு நேரமும் காத்திராமல் உடனே அழைக்க வேண்டும். வாயுப் பிடிப்பு என்று கருதிச் சோடா அருந்திக் காத்திருப்பதும், அதே மிதிவண்டியில் மருத்துவமனைக்கு வருவதும் உயிருக்கு ஆபத்தானவை. ஓய்வில் தணிந்துவிட்ட வலியையும் அன்றே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

அடுத்த முறை பரிசோதனைக்கு வரும்போது மாத்திரைச் சீட்டோடு மற்றொரு குறிப்பையும் கொண்டுவாருங்கள்: நாள்தோறும் செல்லும் வழியில் எந்த மேட்டில், எந்த இடத்தில் இறங்குகிறீர்கள், மூச்சு சீராக எத்தனை நிமிடங்கள் ஆகின்றன, சென்ற மாதம் எவ்வாறு இருந்தது. இந்த மூன்று வரிகள் உங்கள் சிகிச்சையை முடிவுசெய்ய எங்களுக்கு உதவும்.